கல்லில் ஒட்டிக் கிடக்கிறது: வன்னியின் இரண்டு கரைகளில் ஐந்து நாள்

முதலாம் நாள்: வவுனியா – அளம்பில்

"மிஸ், உது எங்கட கடலில இருக்கோ?"

உயர்தர வகுப்பில் மொலஸ்கா (நத்தை, மட்டி, கணவாய் எல்லாம் அடங்கும் கூட்டம்) படிப்பித்துக்கொண்டிருந்தபோது பின்வாங்கிலிருந்து வந்த கேள்வி. கரும்பலகையில் நான் கீறி வைத்திருந்தது லிம்பெட். நத்தை இனம்தான், ஆனால் ஓடு சுருளாது. அரிக்கன் லாம்பின் மேல்மூடி மாதிரி ஒரு கூம்பு. கீழே அகலமான ஒற்றைப் பாதம், அதால் பாறையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு அலைக்குள் கிடக்கும். இவ்வளவும் சொல்லத் தெரிந்தது. பிள்ளை கேட்டதற்குத்தான் வாய் திறக்க முடியவில்லை. நான் பார்த்த படமெல்லாம் இங்கிலாந்துக் கரையில் எடுத்தது. கடல் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்று சொல்லிக்கொள்ள அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அதுதான் இந்த ஆகஸ்ட் லீவுக்கு அளம்பில், பெரியம்மா வீடு.

மாங்குளத்தில் ஏ9ஐ விட்டு பஸ் கிழக்கே திரும்பினது. ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று என்று காடும் வயலும் மாறி மாறி வந்தன. முல்லைத்தீவில் இறங்கி, இன்னொரு பஸ்ஸில் சிலாவத்தை தாண்டித் தெற்கே. போன பாதையெல்லாம் இடது பக்கம் மணல், பனை, மணல்.

பெரியம்மா வாசலிலேயே திட்டத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னா: "மணலுக்க நிண்டுகொண்டு கல்லுப் பூச்சி தேடுறாய். உனக்கு விசர்."

விசர் இல்லை, அதில் விஷயம் இருக்கிறது. சுண்டிக்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை கரை முழுக்க மணல்தான். லிம்பெட்டுக்கு மணல் ஆகாது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் கடலோடு மிதந்து திரியும். ஏதாவது கெட்டியான ஒன்றில் பட்டால்தான் ஓடு கட்டிக் குடியிருக்கலாம். படாவிட்டால் அதன் கதை அவ்வளவுதான். அத்தான் இதைக் கேட்டுவிட்டு முள்ளிவாய்க்கால் கரையில் தரைதட்டிக் கிடந்த ஃபரா 3 கப்பலை நினைவுபடுத்தினார். 2006 டிசம்பரில் அரிசியோடு வந்து ஏறினது. "அந்த இரும்பு முழுசாக் கிடந்திருந்தா உன்ர சாமான் அதிலயும் பிடிச்சிருக்கும். வெட்டி வித்துப் போட்டாங்கள்."

அந்தக் கரையைப் பற்றி அதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை. இரவு இடியப்பமும் கணவாய்க் கறியும்.

இரண்டாம் நாள்: நாயாறு

அத்தானின் மோட்டார் சைக்கிளில் மூன்று பேர். அத்தான், நான், நடுவில் அக்காவின் கடைசி மகன். நாலாம் வகுப்பு, வாய் ஓயாது. செம்மலை தாண்டி நாயாற்றுப் பாலம். முல்லைத்தீவுக்குத் தெற்கே வரவர நிலத்தின் எலும்பு வெளியில் தெரியத் தொடங்கும். வடக்கே சுண்ணக்கல்லும் மணலும் என்றால் இங்கே பழைய கருங்கல். கடலுக்குள் இறங்கும் பாறைகளைக் கண்டதும் நான் போட்ட கூச்சலுக்கு, கரைவலையை உழவு இயந்திரத்தில் பூட்டி இழுத்துக்கொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு மணித்தியாலம் ஒன்றும் கிடைக்கவில்லை. பாறை, பாசி, கால் வழுக்கல். வெள்ளையாய்க் கூராய்க் கிடந்தவை பார்னக்கிள். வள்ளத்தின் அடியில் ஒட்டி வளர்ந்து காலைக் கிழிக்குமே, அதுதான். பார்த்தால் சிப்பி மாதிரி, ஆனால் இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். அதில் ஒன்றுதான் என் உள்ளங்கையைக் கிழித்தது. உப்புத் தண்ணீர் பட்டதும் உயிர் போய் வந்தது.

கையை உதறிக்கொண்டு ஒரு பிளவுக்குள் ஊன்றியபோது விரலுக்குக் கீழே சொரசொரப்பான ஒரு குமிழ். பாறையின் குமிழ் என்று நினைத்தேன். பக்கத்தில் இன்னொன்று, இன்னும் மூன்று. ஒரு மணித்தியாலமாய் நான் பார்த்துக்கொண்டிருந்ததே அவற்றைத்தான்.

பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. உச்சியிலிருந்து விளிம்பு வரை குடைக்கம்பி மாதிரி வரிகள். கரும்பழுப்பில் இடைக்கிடை வெளிறிய கோடு. உச்சி தேய்ந்து மழுங்கி, உள்ளேயிருக்கும் சாம்பல் நிறம் தெரிகிறது. செல்லானா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. இந்து சமுத்திரக் கரைகளில் பரவலாக இருக்கும் கூட்டம். ஹவாய்த் தீவில் இதன் உறவுக்காரரை ஓப்பிஹி என்று சொல்லிப் பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். அலை அடிக்கும் பாறையில் அதைப் பிடுங்கப் போய்க் கடலோடு போனவர்களும் உண்டு.

மெதுவாகத் தொட்டால் ஓடு ஒரு மயிரளவு அசைகிறது. தட்டிவிட்டுத் திரும்பத் தொட்டால் அசைவே இல்லை. பாதத்தின் தசையை இறுக்கி, பசையையும் சேர்த்துக் கல்லோடு கல்லாகிவிடும். எடுப்பதென்றால் அது உஷாராகுமுன் பக்கவாட்டில் ஒரே தள்ளு. கத்தி நுனியால் தள்ளிப் பார்த்தேன். வந்தது, ஆனால் விளிம்பு உடைந்து வந்தது.

உள்ளங்கையில் கவிழ்த்து வைத்துப் பார்த்தோம். மஞ்சள் கலந்த பாதம், முன்னால் சின்னத் தலை, இரண்டு உணர்கொம்புகள். பாதத்தைச் சுற்றி, ஓட்டின் விளிம்புக்கு உட்புறமாய், பாவாடைக் கரை சுருக்கு வைத்தது மாதிரி மெல்லிய இதழ்கள். அதுதான் செவுள். சின்னவன் மூச்சுக்கூட விடாமல் பார்த்தான். பிறகு திரும்பப் பாறையில் வைத்தேன். ஒட்டவில்லை. விளிம்பு உடைந்தால் கவ்வல் சரியாக வராது. ஐந்து நிமிடத்தில் ஒரு சின்ன நண்டு வந்து இழுத்துக்கொண்டு போனது.

"நீங்கள்தான் சித்தி கொண்டனீங்கள்."

ஓம். நான்தான். அதற்குப் பிறகு ஒன்றையும் பிடுங்கவில்லை.

கொஞ்சம் மேலே, காய்ந்த இடத்தில் வேறொரு வகை. இன்னும் சின்னது, ஒரு சென்ரிமீற்றர் வரும். வரிகள் ஒழுங்கில்லை, வலது பக்கம் மட்டும் விளிம்பு சற்று வெளியே பிதுங்கி நிற்கிறது. இது லிம்பெட் வேடம் போட்ட வேறு ஆள், சைஃபொனேரியா. தோட்டத்து நத்தைக்குக் கிட்டின சொந்தம். காற்றைச் சுவாசிக்கும் பை உள்ளே இருக்கிறது, அந்தப் பிதுக்கம் காற்றும் தண்ணீரும் போய்வரும் வாசல். பக்கத்துக் குழித் தண்ணீரில் மஞ்சள் கூழ் வளையம் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் முட்டைகள்.

பெயர் கேட்கும் ஆசை வந்தது. வாடிக்கு முன்னால் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயாவிடம் போனேன்.

"ஐயா, அந்தக் கல்லில ஒட்டிக்கொண்டு கிடக்கிறதுக்கு என்ன பேர்?"

"எது பிள்ளை?"

காட்டினேன்.

"அது ஊரி."

"ஊரி சுருண்டு கூராயெல்லோ இருக்கும்?"

"அப்ப மட்டி."

"மட்டிக்கு ரெண்டு ஓடு."

ஊசியை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "திங்கிறேல்ல, தூண்டிலுக்குக் குத்துறேல்ல, விக்கிறேல்ல. பிறகேன் அதுக்குப் பேர்?"

சின்னவனுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அவன் ஏற்கனவே பெயர் வைத்திருந்தான். தொப்பி.

பின்னேரம் கைப்பையிலிருந்த சிவப்புக் கியூடெக்ஸால் பன்னிரண்டு தொப்பிகளுக்கு நம்பர் போட்டோம். ஓட்டில் நம்பர், அது இருந்த இடத்துக்குப் பக்கத்தில் கல்லில் ஒரு புள்ளி. ஓட்டைத் துணியால் ஒற்றிக் காயவிட்டுப் பூசினால்தான் பிடிக்கிறது. நாலாம் நம்பர் நேர்த்தியாக வரவில்லை. அவன் போட்டது.

மூன்றாம் நாள்: இரவில் நாயாறு, பகலிலும் நாயாறு

இரவு இரண்டு மணிக்குப் பாறைக்குப் போவதற்கு அக்கா விட்டதே அதிசயம். அத்தான் கூட வந்தார், வழி முழுக்கக் கொட்டாவி. பறுவத்துக்கு அடுத்த நாள், நிலவு பால் மாதிரி. ரோச் லைற்றுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றியிருந்தோம்.

பகலில் கல்லாய்க் கிடந்ததெல்லாம் நடந்துகொண்டிருந்தன.

நடை என்றால் அவசரமில்லாத நடை. கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது, வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால் இடம் மாறியிருக்கும். ஓடு கொஞ்சம் தூக்கி, உணர்கொம்பு இரண்டும் வெளியே, தலை இடமும் வலமுமாக ஆடுகிறது. பாறையின் மேல் வழுவழுவென்று படிந்திருக்கும் பாசிப் படலம்தான் சாப்பாடு. ஐந்தாம் நம்பர் போன வழியில், ஈரக் கல்லில், கிடுகுப் பின்னல் மாதிரி வளைந்து வளைந்து ஒரு சுரண்டல் தடம். துருவலையில் தேங்காய் துருவுகிறது மாதிரிச் சுரண்டிக்கொண்டே போயிருக்கிறது.

சுரண்டுவது நாக்கு. அதில் வரிசை வரிசையாய்ப் பல். ஐரோப்பிய லிம்பெட்டின் பல்லை எடுத்து 2015இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தினர் இழுவிசை பார்த்தார்கள். உயிர்கள் உண்டாக்கும் பொருட்களில் அதுவரை தெரிந்த எல்லாவற்றிலும் வலிமையானது அதுதான், சிலந்தி நூல்கூடப் பின்னால். பல்லுக்குள் இருப்பது கோதைற்று என்ற இரும்புக் கனிமத்தின் மெல்லிய நார்கள். துருவிலும் மஞ்சட்பழுப்பு மண்ணிலும் இருப்பதும் அதே கனிமம். பாறையோடு உரசினால் பல் தேயத்தானே வேண்டும்? தேயத் தேயப் பின்வரிசை முன்னுக்கு வரும். நாக்கு ஓட்டைவிட நீளம், உள்ளே சுருட்டி வைத்திருக்கும்.

அத்தான் இதைக் கேட்டுவிட்டு, "எனக்கும் அப்பிடி ஒரு செற் கிடைச்சா நல்லது" என்றார். கடவாய்ப் பல் பிடுங்கி ஒரு கிழமை.

விடிய, வெளிச்சம் வந்ததும் கணக்கெடுத்தோம். பல லிம்பெட் இனங்கள் இரை தேடிவிட்டுத் தம் பழைய இடத்துக்கே, அதே முகத் திசையில் வந்து அமரும் என்று படித்திருக்கிறேன். ஓட்டின் விளிம்பு அந்த இடத்தின் மேடுபள்ளத்துக்கு அளவாக வளர்ந்திருக்கும், பூட்டும் திறப்பும் போல. மென்மையான கல்லென்றால் கல்லே தேய்ந்து வட்டமான தழும்பு விழும். தான் விட்டுச் சென்ற சளித் தடத்தைப் பிடித்துத்தான் திரும்புகிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் பன்னிரண்டில் ஏழு புள்ளிக்குப் பக்கத்திலேயே இருந்தன. மூன்று ஒரு விரல் நீளம் தள்ளி. இரண்டைக் காணோம்: நாலும் பதினொன்றும். பதினொன்று அரைமணித்தியாலம் கழித்துப் பிளவுக்குள் அகப்பட்டது. நாலு இல்லவே இல்லை. சின்னவன் முகம் வாடிவிட்டது.

வீடு திரும்பும் நத்தை என்றதும் இந்த மண்ணில் ஒருவருக்கு என்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியும். பெரியம்மாவிடம் சொன்னபோது அவவுக்கும் வந்தது. அவ சொன்னது இதுதான்: "அதுக்குக் காணி உறுதி கேக்க ஆளில்லை." சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டா.

பகல் பன்னிரண்டு மணிக்குத் தனியாகத் திரும்பப் போனேன். ஆகஸ்ட் வெயிலில் பாறையில் கை வைக்க ஏலாது. எங்கள் கடலில் வத்துக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வராது. பிறிஸ்ரல் கால்வாய்ப் பக்கம் பத்து மீற்றரைத் தாண்டும். அங்கே இவற்றுக்கு மாடி வீடு என்றால் இங்கே ஒரு திண்ணை. அந்தத் திண்ணைக்குள்ளேயே கீழ்த்தட்டில் கிடந்தவை தட்டையாக, மேல்தட்டில் கிடந்தவை உயர்ந்த கூம்பாக இருந்தன. மேலே கிடப்பது நாளில் பாதி காய்கிறது. உயர்ந்த ஓட்டுக்குள் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும், விளிம்பின் சுற்றளவும் குறைவு, ஆவியாகி வெளியேற வழி சின்னது. சில ஓட்டை இலேசாகத் தூக்கி, காற்றுப் போக விட்டுக்கொண்டு நின்றன. ஈரத்தை இழந்து உடம்பைக் குளிர வைக்கும் வேலை. அதற்கும் எல்லை உண்டு. ஹொங்கொங் கரையில் இதே செல்லானாப் பேரினத்து லிம்பெட்டுகள் கோடை வெயிலில் கூட்டமாய்ச் செத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

செத்தால் என்ன, தின்னாத விற்காத சாமான்தானே என்று ஐயா கேட்பார். 1967 மார்ச்சில் இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரைக்கு அப்பால் டொரி கன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் உடைந்தது. எண்ணெயைக் கழுவவென்று கொட்டிய இரசாயனம் எண்ணெயைவிட மோசமாகப் பாறை உயிர்களைக் கொன்றது. லிம்பெட் போனதும் பாறை முழுக்கப் பச்சைப் பாசி மூடி, பிறகு பெரிய கடற்பாசிகள் காடாய் எழுந்தன. பழைய நிலைக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது. நாயாற்றுப் பாறையில் என் கால் எங்கே வழுக்கியது, எங்கே வழுக்கவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். தொப்பிகள் நெருக்கமாய் இருந்த இடத்தில் ஒருதரமும் விழவில்லை.

நாலாம் நாள்: பஸ்ஸும் கையும்

எழுத ஒன்றுமில்லை. உள்ளங்கை வீங்கிவிட்டது. மருந்து கட்டிய இடத்தில் "கடலுக்க ஏன் கையை வச்சனீங்கள்?" என்று கேட்டார்கள். லிம்பெட் என்று சொல்லி விளங்கப்படுத்தும் அளவுக்கு வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குப் பொறுமை இருக்கவில்லை.

வழியில் வற்றாப்பளை. கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கல் கூட்டமெல்லாம் அடங்கி, வளவு நிழலாய்க் கிடந்தது. பொங்கலுக்குக் கடல் தண்ணீரில் விளக்கெரியும் கோயில். அந்தத் தண்ணீர் எடுக்கும் தீர்த்தக்கரை சிலாவத்தையில். இவ்வளவு நாள் அந்தத் தண்ணீரில் மிதந்து திரியும் குஞ்சுகளை நான் நினைத்ததே இல்லை.

இரவு வவுனியா. அம்மா கையைப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவுக்குப் போன் எடுத்துச் சண்டை.

ஐந்தாம் நாள்: அரிப்பு

மற்றக் கடல். முருங்கன் வந்து தெற்கே சிலாவத்துறைப் பாதை. அருவியாறு கடலில் விழும் ஊர் அரிப்பு. கிழக்கே கடல் குளம் மாதிரிக் கிடந்தது, இங்கே சோளகம் அடித்து வாய்க்குள் மணல். சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

செம்மண் கரை செங்குத்தாய் உடைந்து கடலுக்குள் சரிகிறது. அதன் விளிம்பில் அல்லிராணிக் கோட்டை. அல்லிராணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்க்கவென்று 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. பாதி எப்போதோ கடலுக்குள் போய்விட்டது. விழுந்த செங்கல் துண்டங்கள் அலைக்குள் கிடந்தன. எனக்கு மாளிகையைவிட அந்தத் துண்டங்களில்தான் கண். கெட்டியான ஏதாவது ஒன்று போதும் என்று முதல் நாள் எழுதினேனே.

முழங்கால் தண்ணீரில் நின்று ஐந்தாறு துண்டங்களைத் தடவினேன். செங்கல்லும் சுண்ணாம்பும் அலையில் உரசி உரசித் தேங்காய்ப்பூ மாதிரி உதிர்கிறது. பிடித்திருக்கும் எதுவும் கல்லோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். உயிருள்ளது ஒன்றும் இல்லை.

ஆனால் அலை ஒதுக்கிய சிப்பிக் குவியலில் வெறும் ஓடுகள் கிடந்தன. ஒன்பது பொறுக்கினேன். உள்பக்கம் மினுங்கும், அதில் தசை ஒட்டியிருந்த தழும்பு லாடம் மாதிரித் தெரியும். லாடத்தின் வாய் முன்னால், தலை இருந்த பக்கம் திறந்திருந்தால் அது உண்மை லிம்பெட். வலது பக்கம் திறந்திருந்தால் வேடம் போட்ட சைஃபொனேரியா. வெளியே எவ்வளவு தேய்ந்து போனாலும் இந்த அடையாளம் போகாது. ஒன்பதில் ஆறு உண்மை, இரண்டு வேடம். ஒன்று ஓட்டை விழுந்த பிளாஸ்ரிக் மூடி.

கடலைப் பார்த்துக்கொண்டு மீன்பெட்டியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பேச்சுக் கொடுத்தா. அவவின் பாட்டன் காலத்துக் கதைகளில் முத்துக்குளிப்பு இருந்தது. கடலுக்கு அடியில் முத்துச் சிப்பி நார் விட்டு ஒட்டிக் கிடக்கும் பாறைத் திட்டுக்குப் பெயர் பார். பெரிய பார், சேவல் பார் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். 1902இல் லிவர்பூலிலிருந்து ஹேர்ட்மன் என்ற பேராசிரியர் வந்து இந்தப் பார்களை ஆராய்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதி அறிக்கை வெளிவந்தது. முத்து இருந்தபடியால் கரையில் நிற்பவர் கண்ணில் படாத அடிக்கடல் பாறைக்கே ஊருக்குள் பெயர் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் கரையில் ஒட்டிக் கிடப்பதற்கு?

ஓடுகளைக் காட்டிக் கேட்டேன். ஒன்றை எடுத்துத் தன் சுண்டுவிரல் நுனியில் கவிழ்த்துப் பார்த்தா.

"சின்னனில நாங்கள் இதைப் பாவைப்பிள்ளைக்குக் கவிழ்த்து விளையாடினனாங்கள்."

"என்னெண்டு சொல்லுவியள்?"

"தொப்பி எண்டுதான்."

முருங்கனுக்குத் திரும்பும் பஸ்ஸில் போன் சத்தம் போட்டது. வாட்ஸ்அப்பில் சின்னவனின் குரல், பின்னால் காற்றும் கடலும். அத்தானை இழுத்துக்கொண்டு திரும்ப நாயாற்றுக்குப் போயிருக்கிறான்.

"சித்தி, நாலாம் நம்பர் வந்திட்டுது! அதே புள்ளியில இருக்கு. ஆனா கியூடெக்ஸ் அரைவாசிதான் கிடக்கு. நாலா, ஒண்டா எண்டு அப்பா கேக்கிறார். நாலுதான் சித்தி. நான்தானே போட்டனான், எனக்குத் தெரியும்."